கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு இப்புறமும் அப்புறமும் வாழ்கிற நமக்கு, முதுகுவலி வந்தால் போக வழிகள் ஏராளம். ஆசானிடம் வர்மத் தடவல் இருக்கிறது. சித்த மருத்துவரிடம் தொக்கணம் என்ற பிடித்துவிடும் சிகிச்சை இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் போனால் ஆயுர்வேத வைத்தியசாலைகளில் உழிச்சல் என்ற எண்ணெய்த் தடவலும், இடுப்பில் சூடான எண்ணெயைத் தேக்கி வைக்கும் கடிவஸ்தியும் இருக்கின்றன. கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம்பி அப்படிப்பட்டவரைத் தேடிப் போகிற வழக்கமும் முற்றாக மறைந்துவிடவில்லை. இந்த வரிசையில் அண்மைக்காலமாக, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் செய்கிற கைரோபிராக்டிக் என்ற சிகிச்சையின் பெயரும் சேர்ந்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களில் சிலர் அங்கே இந்தச் சிகிச்சையைப் பெற்றுப் பழகி, இங்கும் அதைத் தேடுகிறார்கள். மற்றவர்கள் கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நெட்டி முறிகிற அந்த ஒலியோடு வலியும் போய்விடும் என்ற எண்ணத்தில் கிளம்புகிறார்கள்.

நான் இந்தப் பகுதியில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறவன். கைரோபிராக்டிக் என் துறை அன்று. ஆனால் அங்கே போகலாமா என்று கேட்டு வருகிறவர்களையும், போய்விட்டு வந்து ஐயம் கேட்கிறவர்களையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களிடம் தனித்தனியே சொல்லி வருவதை இங்கே எழுதி வைக்கிறேன். போக வேண்டாம் என்று தடுப்பது என் நோக்கம் அன்று. ஒருவர் உங்கள் முதுகெலும்பில் கை வைப்பதற்கு முன்னால் உங்களிடம் என்னென்ன கேட்கிறார், எதையெதைச் சோதித்துப் பார்க்கிறார் என்பதைக் கொண்டே அவரை நம்பலாமா என்று முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இந்த முறை பிறந்தது அமெரிக்காவில். அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் காந்தச் சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பாமர், 1895 செப்டம்பரில், காது மந்தமாகிவிட்ட ஹார்வி லில்லார்டு என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், அதன்பின் அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் அத்துறையின் தொடக்கக் கதை சொல்கிறது. முதுகெலும்புக் கண்ணிகள் இம்மியளவு விலகி நரம்புகளை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்கு வேர் என்று பாமர் நம்பினார். அந்தக் கோட்பாட்டுக்கு இன்றுவரை சான்று கிடைக்கவில்லை. கைரோபிராக்டர்களிலேயே பலர் அதைக் கைவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு தங்கள் பணியை நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் பழைய கோட்பாட்டையே பிடித்துக்கொண்டு, ஆஸ்துமாவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் குழந்தைகளின் காதுவலிக்கும்கூட முதுகெலும்பை அழுத்துவதே தீர்வு என்கிறார்கள். உங்கள் முன் இருப்பவர் இவ்விருவரில் யார் என்று முதல் உரையாடலிலேயே தெரிந்துவிடும். சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதில் தயக்கம் வேண்டாம்.

என்னிடம் வருகிறவர்களில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை செய்கிற பெண்கள் பலர். காலை மடக்கித் தரையோடு தரையாக அமர்ந்து, வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி உடைத்து, நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறவர்கள். அவர்களில் ஒரு அக்கா, "எலும்பு வெலகிட்டுண்ணு சொல்லுதாவ தம்பி, பிடிச்சு நேராக்கினா சரியாவுமா?" என்று கேட்டார். யாரோ அவரது எக்ஸ்ரேயைச் சுட்டிக் காட்டி அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாள்முதல் அவர் குனிந்து குடத்தை எடுக்கவே அஞ்சிக்கொண்டிருந்தார். வலியைவிட அந்தச் சொல் அவரை அதிகமாக முடக்கிப் போட்டிருந்தது.

முதுகெலும்புக் கண்ணிகள் கேரம் காய்களைப் போல் தட்டினால் நகரும் துண்டுகள் அல்ல. தடித்த தசைநார்களும், நடுவே மெத்தை போல் உள்ள வட்டுகளும் (டிஸ்க்), இரு பக்கமும் உள்ள மூட்டுகளும், ஆழமான தசைகளும் அவற்றை இறுகப் பிணைத்திருக்கின்றன. வயது கூடும்போது வட்டுகள் சற்றே பிதுங்குவது வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. உண்மையிலேயே வட்டு பிதுங்கி நரம்பை உறுத்தும்போதுகூட, யாரும் அதைக் கையால் உள்ளே தள்ளி வைப்பதில்லை. பலருக்கு அந்தப் பிதுக்கம் சில மாதங்களில் தானாகவே சுருங்குகிறது. கைச் சிகிச்சை செய்வது வேறு. இறுகிப்போன மூட்டை அது சற்று நேரம் இளக்குகிறது, தசையின் பிடிப்பைத் தளர்த்துகிறது, வலி உணர்வைக் குறைக்கிறது. அந்த இடைவெளியில் ஆள் எழுந்து நடமாட முடிகிறது. இதுவும் சிறிய உதவி அன்று. ஆனால் "விலகிய எலும்பை நேராக்கிவிட்டேன்" என்று எவராவது சொன்னால் அது உண்மையன்று என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த நம்பிக்கைதான், எலும்பு மறுபடி விலகிவிடும் என்ற பயத்தில் மாதாமாதம் அவரைத் திரும்ப வரவைக்கிறது.

முதல் நாள் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் கேள்விகள். வலி எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, பாரம் தூக்கினீர்களா, காலுக்கு இறங்குகிறதா, முழங்காலுக்குக் கீழே போகிறதா, தும்மினால் கூடுகிறதா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, முன்பு புற்றுநோய் இருந்ததா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா, ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தீர்களா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா என்று அவர் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பெண்கள் ஓர் ஆணிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனாலேயே நல்ல சிகிச்சையாளர் அதைத் தாமே எடுத்துக் கேட்பார்.

பிறகு சோதனை. உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மெதுவாக உயர்த்தி, எந்த இடத்தில் வலி பாய்கிறது என்று பார்ப்பார். ரப்பர் சுத்தியலால் முழங்காலின் கீழும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணிலும் தட்டுவார். கால் துள்ளுகிறதா என்று இரு பக்கத்தையும் ஒப்பிடுவார். குதிகாலால் நடக்கச் சொல்வார், பின்பு நுனிக்காலால் நடக்கச் சொல்வார். பெருவிரலைத் தம் விரலால் அழுத்தி, மேலே தூக்குங்கள் என்பார். பஞ்சாலோ ஊசிமுனையாலோ பாதத்தின் பக்கவாட்டில் தொட்டு, ஒரே மாதிரி தெரிகிறதா என்பார். இவை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இடுப்பிலிருந்து இறங்குகிற எந்த நரம்பு வேர் சிக்கியிருக்கிறது என்பதை இவைதான் காட்டிக்கொடுக்கின்றன. நம் பகுதியில் சர்க்கரை நோயாளிகள் மிகுதி. அவர்களுக்குப் பாதம் மரத்துப்போவது சர்க்கரையாலா, முதுகாலா என்று பிரித்தறிய இந்தச் சோதனை இல்லாமல் முடியாது. இவை எதுவும் இல்லாமல், வந்தவுடன் குப்புறப் படுக்கச் சொல்லி அழுத்தத் தொடங்குகிறவரிடம் உங்கள் முதுகைக் கொடுக்காதீர்கள்.

அதன்பின் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை உங்களுக்குச் சொல்லி, உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் முகம் வைக்க இடைவெளி விட்ட ஒரு மேசையில் குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்க வைத்து, ஒரு மூட்டை அதன் எல்லை வரை கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து மிகச் சிறிய தூரத்துக்கு மிக வேகமாக ஒரு தள்ளு தள்ளுவார்கள். சிலரது மேசையில் ஒரு பகுதி அந்த அழுத்தத்தோடு சேர்ந்து சட்டென்று சற்றே இறங்கி 'டப்' என்று சத்தம் போடும். அது மேசையின் சத்தம், உங்கள் எலும்பின் சத்தம் அன்று. சிலர் பேனா அளவிலான, ஸ்பிரிங் பொருத்திய கருவியால் தட்டுவார்கள். வேகமான தள்ளு உங்களுக்கு அச்சமாக இருந்தால் சொல்லுங்கள்; மெதுவாக அசைத்துக் கொடுக்கும் முறைகளும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை மேசையில் படுத்த பிறகும் உங்களுக்கு இருக்கிறது.

காணொளிகளில் ஒலிவாங்கியை அருகில் வைத்துப் பெருக்கிக் காட்டுகிற அந்தச் சொடக்கு ஒலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர்மத்தில், மூட்டுப் பரப்புகள் சட்டென்று பிரியும்போது அழுத்தம் குறைந்து வாயுக் குழி உண்டாவதால் வருவது அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் விரல் மூட்டில் நெட்டி எடுப்பதை எம்.ஆர்.ஐ. கருவியில் நேரடியாகப் படம்பிடித்து, அந்தக் குழி உருவாவதைக் காட்டினார்கள். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகாமல் அதே மூட்டில் மறுபடி நெட்டி வராததும் இதனால்தான். ஒலி வந்ததால் சிகிச்சை பலித்தது என்றோ, வராததால் பலிக்கவில்லை என்றோ பொருள் இல்லை. ஒலி வரும்வரை விடமாட்டேன் என்று மறுபடி மறுபடி முயல்கிறவர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை.

இது பலன் தருமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், இடுப்புவலிக்கு ஓரளவு தரும் என்பதே. 2017-ல் வெளியான அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்கத்தக்கவற்றில் வெந்நீர் ஒத்தடம் போன்ற சூடு, மசாஜ், அக்குபங்சர் ஆகியவற்றோடு முதுகெலும்புக் கைச் சிகிச்சையையும் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நாட்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும், நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், உடற்பயிற்சி ஆகியவற்றோடு இதற்கும் இடம் இருக்கிறது; அதே வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. பலனின் அளவு மிதமானது. உடற்பயிற்சி இல்லாமல் கைச் சிகிச்சையை மட்டும் பெற்றுக்கொண்டிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருட்டிலேயே எழுந்து மரத்துக்கு மரம் குனிந்து ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர், வாரம் ஒரு முறை முதுகை அழுத்திக்கொண்டு, மற்ற நாள்களில் அதே குனிவில் அதே பாரத்தைத் தூக்கினால் வலி திரும்பத்தான் செய்யும். இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கி அமர்ந்து கீழ் வெட்டு வெட்டுவது, பால் வாளியை நிரம்ப விடாமல் அடிக்கடி ஊற்றிவிடுவது, முதுகுத் தசைக்கும் தொடைக்கும் பயிற்சி கொடுப்பது ஆகியவற்றை உங்கள் கைரோபிராக்டர் பேசுகிறார் என்றால் அவர் நல்லவர்.

கழுத்தைப் பற்றித் தனியாகவும் அழுத்தமாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. தலையைச் சட்டென்று திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. இது அரிது. ஏற்கெனவே கிழிசல் தொடங்கி அதனால் கழுத்துவலி வந்தவர்களே சிகிச்சை தேடி வருகிறார்கள் என்பதால், கைச் சிகிச்சைதான் காரணம் என்று எல்லா நிகழ்விலும் சொல்ல முடியாது என்று வாதிடுகிற ஆய்வுகளும் உண்டு. அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கை, இரண்டுக்கும் தொடர்பு காணப்படுவதால் கழுத்தில் இதைச் செய்வதற்கு முன் நோயாளிக்கு அந்தத் தொடர்பைச் சொல்ல வேண்டும் என்றது. என் நிலை இன்னும் கண்டிப்பானது. கழுத்துவலிக்குப் பயிற்சியும் மெதுவான அசைவுச் சிகிச்சையும் போதிய பலன் தருகின்றன. அப்படியிருக்க, வேகமாகத் திருகும் முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. இதுவரை அனுபவித்திராத ஒரு புதுவகைக் கழுத்துவலியோ, பின்மண்டையில் திடீரென வந்த கடும் தலைவலியோ இருந்தால், எவரிடமும் கழுத்தைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதே காரணத்தால் முடி திருத்தும் கடைகளில் வேலை முடிந்ததும் தலையைப் பிடித்து இரு பக்கமும் திருகி நெட்டி எடுக்கிற வழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். அண்ணன் அன்போடுதான் செய்கிறார், நமக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் "கழுத்து வேண்டாம் அண்ணே" என்று சொல்லிப் பழகுங்கள்.

வேகமான தள்ளு சிகிச்சையை எவர் செய்துகொள்ளவே கூடாது என்பதில் பரவலாக ஒத்த கருத்து இருக்கிறது. எலும்பு முறிவு உள்ளவர்கள், எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், முதுகெலும்பில் புற்றுநோயோ காசநோயோ இருப்பவர்கள், முடக்குவாதம் கழுத்தைத் தாக்கியவர்கள், தமனி வீக்கம் உள்ளவர்கள் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. இவற்றில் முதுகெலும்புக் காசநோயை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், அது நம் நாட்டில் இன்னும் இருக்கிற நோய், தொடக்கத்தில் வெறும் முதுகுவலியாகவே தோன்றும். மாதவிடாய் நின்றபின் வருகிற முதுகுவலியை "வாயுப் பிடிப்பு" என்று எண்ணித் தடவலுக்குப் போகிற தாய்மார்களில் சிலருக்கு எலும்பு மெலிந்து கண்ணி நசுங்கியிருப்பதும் உண்டு. சிறுநீர் திடீரென வராமல் நின்றுபோனாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, இருக்கைப் பகுதியும் மறைவிடமும் மரத்துப்போனாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ அது கைச் சிகிச்சைக்கு உரியதே அன்று. அன்றைய பொழுதுக்குள் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகாவிட்டால் அந்த இழப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

சிகிச்சையாளரின் தகுதியைக் கேட்பதில் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. அது வேண்டாம். அலோபதிக்கும் சித்தத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் நம் நாட்டில் பதிவுக் குழுக்கள் இருக்கின்றன. கைரோபிராக்டிக்குக்கு அப்படித் தனியாக ஒன்று இல்லை. பிரிட்டனில் 1994-லேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. முன்னனுபவம் இல்லாத ஒருவர் முழுப் பயிற்சி பெற 4 ஆண்டு முழுநேரப் படிப்பும் 4,200 மணி நேரத்துக்குக் குறையாத கல்வியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வகுத்தது. ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் பின் சுவரில் மாட்டிய சான்றிதழும் இதுவும் ஒன்றல்ல. எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டுப் படிப்பு, வேறு எந்தக் குழுவில் பதிவு பெற்றிருக்கிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாளே முப்பது, நாற்பது அமர்வுகளுக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். சில வாரங்களில் தெரியக்கூடிய முன்னேற்றம் இல்லையென்றால் அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும். புதிய இடுப்புவலிக்கு, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதபோது, முதல் 6 வாரங்களுக்கு எக்ஸ்ரே தேவையில்லை என்று அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே சொல்லியிருக்கிறது. எனவே ஒவ்வொரு மாதமும் படமெடுத்து முன்னேற்றத்தைக் காட்டுகிறேன் என்பதை ஏற்க வேண்டியதில்லை.

நம் ஊர் வர்ம ஆசான்களையும் வைத்தியர்களையும் நான் மதிக்கிறேன். தொடக் கூடாத இடம் எது என்பதை முதலில் கற்ற பிறகே தொடும் இடத்தைக் கற்ற ஆசான்களை நான் அறிவேன். அந்த எச்சரிக்கை உணர்வு எல்லாக் கைச் சிகிச்சையாளருக்கும் வேண்டியது. நான் வேண்டாம் என்பது, ஒரே வாரத்தில் ஆசானிடம் தடவல், வைத்தியசாலையில் உழிச்சல், கைரோபிராக்டரிடம் அழுத்தம், என்னிடம் பயிற்சி என்று நான்கையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்துகொள்வதை. அப்படிச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கே போகிறீர்களோ அங்கே மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மருத்துவமனைச் சீட்டு, மாத்திரை அட்டை, பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின் அந்த இடம் சற்றுக் கனப்பதும், உடம்பு அயர்வதும், லேசாகத் தலை வலிப்பதும் பலருக்கு வரும். ஓரிரு நாளில் தானாகப் போய்விடும்; வெந்நீர் ஒத்தடமும் மெதுவான நடையும் போதும். ஆனால் தலை சுற்றி நடை தள்ளாடினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, முகத்தின் ஒரு பக்கமோ ஒரு கையோ காலோ மரத்துப்போனாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று படுத்துவிடக் கூடாது. சிகிச்சை செய்தவரைத் தொலைபேசியில் அழைத்து அவர் சொல்வதற்காகக் காத்திருக்கவும் கூடாது. பக்கவாதத்தில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 108 என்ற எண் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒன்றுதான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து எது விரைவாக எட்டுமோ அங்கே போய், கழுத்தில் எப்போது, என்ன செய்தார்கள் என்பதை முதலில் பார்க்கிற மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள்.